முதலாளி மாறினால் யார் கணக்கு வைப்பது?

(இரத்தினபுரியில், தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த இளையோர் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விமானக் கம்பனிகள் ஒன்றோடொன்று சேரும்போது அவற்றில் வேலை செய்யும் பணிப்பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று பேசுவதற்கு ஒருவன் இரத்தினபுரிக்கு வரவேண்டுமா என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். நியாயம்தான். இங்கே கொழுந்து விலை பற்றிப் பேசலாம், பால் வெட்டு நாள் குறைந்தது பற்றிப் பேசலாம், லயத்துக் கூரை பற்றிப் பேசலாம். ஆனால் வேலை செய்கிற ஆள் அதே இடத்தில் இருக்க, தலைக்கு மேலே முதலாளி மட்டும் மாறிக்கொண்டே போவதென்ற விஷயத்தில், இந்த நாட்டில் சப்ரகமுவத் தோட்டத் தொழிலாளியைவிட அனுபவம் உள்ளவர் யாரும் இல்லை. வெள்ளைக்காரக் கம்பனி, அதன் பிறகு அரசாங்கம், அரசாங்கத்தின் ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், முகாமைக் கம்பனி, குத்தகைக் கம்பனி, அந்தக் கம்பனியின் பங்குகளை வாங்கிய இன்னொரு கம்பனி. இறக்குவானைப் பக்கம் ஒரே லயத்தில் பிறந்து அதே லயத்தில் கிழவியான ஒரு பாட்டி, வீடு மாறாமலேயே ஐந்தாறு முதலாளியைப் பார்த்திருப்பார். அவரை யாரும் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

விமானப் பணியாளர்களையும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் அவர்கள் கேட்கவைத்த சில இடங்கள் உண்டு. கேட்கத் தவறி நட்டப்பட்ட இடங்களும் உண்டு. இரண்டையும் நம் கதையோடு சேர்த்துப் பார்க்கத்தான் இந்தப் பேச்சு.

முதலில் நம் கதை. கேகாலை மாவட்டத்தில் உருளவள்ளி என்று ஒரு தோட்டம். ஆங்கிலத்தில் நேவ்ஸ்மியர். 1946இல் அரசாங்கம் அந்தத் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று எடுத்துக்கொண்டது. நிலமில்லாத சிங்களக் கிராமத்தவருக்கு நிலம் வேண்டும் என்பதில் தப்பில்லை. ஆனால் அந்த நிலத்தில் இறப்பர் மரம் நட்டு, பால் வெட்டி, பிள்ளை பெற்று வாழ்ந்த நம் ஆட்களுக்கு வந்தது வெளியேறச் சொல்லும் ஓலை மட்டுமே. போகமாட்டோம் என்று அவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். அத்துமீறி நுழைந்த குற்றம் என்று வழக்குப் போட்டார்கள். தாங்கள் பிறந்த அறைக்குள் தாங்களே அத்துமீறி நுழைந்தவர்கள்! அப்போதைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் அதை ஒரு தோட்டத்துப் பிரச்சினையாக விடவில்லை; வேலைநிறுத்தம் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. வழக்கும் கொழும்போடு நிற்கவில்லை, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. எனக்கு உரிமை உண்டு என்று நேர்மையாக நம்பி ஒருவன் ஓரிடத்தில் இருக்கும்போது, அது உடைமைக்காரனுக்கு எரிச்சலூட்டும் என்பதற்காக மட்டும் அவன் குற்றவாளி ஆகமாட்டான் என்று 1950இல் அங்கே சொல்லப்பட்டது.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குள் 1948 வந்துவிட்டது, குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. தோட்டத்தில் இருக்க உரிமை உண்டா என்று கேட்டவர்களுக்கு, நாட்டில் இருக்க உரிமை உண்டா என்ற கேள்வி வந்துவிட்டது.

உருளவள்ளியை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே சம்பளம் எவ்வளவு என்பது சண்டை அல்ல. தோட்டம் கை மாறியபோது, அதில் வேலை செய்தவர்களின் இத்தனை வருட உழைப்பு யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்பதே சண்டை. பழைய முதலாளி விற்றுவிட்டுப் போனான். புதிய முதலாளியான அரசாங்கம், நான் நிலத்தை வாங்கினேன், ஆளை வாங்கவில்லை என்றது. இடையில் விழுந்தவர்கள் தொழிலாளர்கள்.

இந்த இடைவெளி விமானத்திலும் உண்டு. 2001இல் அமெரிக்காவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற பெரிய கம்பனி, நொடித்துப்போன டிடபிள்யூஏ என்ற பழைய கம்பனியை வாங்கியது. டிடபிள்யூஏ சாதாரணப் பெயர் அல்ல. ஒரு காலத்தில் உலகமெல்லாம் பறந்த கம்பனி. அதில் இருபது, முப்பது வருடம் பறந்த பணிப்பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

விமானப் பணியாளருக்குச் சேவை மூப்பு என்பது மரியாதைக்குரிய விஷயம் மட்டும் அல்ல. எந்த ஊரில் தங்கி வேலை செய்வது, எந்த மாதம் விடுமுறை, நீண்ட பயணமா குறுகிய பயணமா, தீபாவளிக்கோ நத்தாருக்கோ வீட்டில் இருக்க முடியுமா, ஆள் குறைக்கும்போது முதலில் யார் போவது, எல்லாவற்றையும் அந்த மூப்புப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. இரண்டு கம்பனி ஒன்றானால் இரண்டு பட்டியலும் ஒன்றாகவேண்டும். இரண்டு கூட்டுக் குடும்பம் ஒரே வீட்டுக்குள் குடிவந்தால் எந்த வீட்டு மருமகள் மூத்தவள் என்ற சண்டை வருமல்லவா, அது போலத்தான். டிடபிள்யூஏ பணிப்பெண்களை என்ன செய்தார்கள் தெரியுமா? முப்பது வருடம் பறந்தவரையும் சேர்த்து, மொத்தப் பேரையும் பட்டியலின் கடைசியில் ஒட்டினார்கள். அமெரிக்கன் கம்பனியில் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கும் கீழே. அந்த வருடம் செப்டெம்பரில் நியூயோர்க் தாக்குதல் நடந்தது, விமானத் தொழில் சரிந்தது, ஆள் குறைப்பு வந்தது. கடைசியில் இருந்தவர்கள் முதலில் போனார்கள். 2003 நடுப்பகுதிக்குள் டிடபிள்யூஏயிலிருந்து வந்த பணிப்பெண்கள் எல்லோருமே வேலைக்கு வெளியே.

இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது, கேட்கக் கசக்கும். அவர்களைக் கடைசியில் போடச் சொன்னது கம்பனி அல்ல. அமெரிக்கன் பணிப்பெண்களின் சொந்தத் தொழிற்சங்கம்தான் அந்த நிலையை எடுத்தது. வாங்குகிற கம்பனியின் சங்கம் தன் உறுப்பினரைக் காத்தது. வாங்கப்பட்டவர்களுக்குக் குரல் இல்லை. முதலாளி மாறும்போது தொழிலாளிக்கு எதிரே முதலாளி மட்டும் நிற்பதில்லை என்பதை நம் தோட்டங்களில் சங்கம் நடத்தும் அண்ணன்மாரும் யோசிக்கவேண்டும்.

டிடபிள்யூஏ இருந்த மிசூரி மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், மெக்காஸ்கில், பொண்ட் என்பவர்கள், ஒருவர் ஒரு கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி, சேர்ந்து 2007 கடைசியில் ஒரு சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். விமானக் கம்பனிகள் இணையும்போது மூப்புப் பட்டியலை நியாயமான முறையில் இணைக்கவேண்டும்; ஒத்துப்போகாவிட்டால் நடுத்தீர்ப்புக்குப் போகவேண்டும் என்று. வேலை இழந்தவர்களுக்கு அது உதவவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு உதவியது.

இப்போது பக்கத்து நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் எயார் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இரண்டு அரசாங்கக் கம்பனிகள். முன்னது பெரும்பாலும் வெளிநாடு, பின்னது பெரும்பாலும் உள்நாடு. 2007இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். கடதாசியில் ஒன்றாக்க ஒரு நாள் போதும். ஆட்களை ஒன்றாக்க முடியவில்லை. ஒரே சீருடை, ஒரே விமானம், ஆனால் இரண்டு சம்பளம், இரண்டு பதவி உயர்வு முறை. நான்கு வருடம் கழித்து, நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழுப் போட்டு யாரை எங்கே பொருத்துவது என்று கேட்கவேண்டியதாயிற்று. அதே 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள்; அவர்களுடைய சங்கத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் பறித்தது. அடுத்த வருடம் எதிர்ப்பக்கம்: பழைய எயார் இந்தியா விமானிகள், புதிய ட்ரீம்லைனர் விமானத்தில் பயிற்சி யாருக்கு என்ற பிரச்சினையில் 58 நாள் வேலைக்குப் போகவில்லை. தொழிலாளர்கள் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள், இணைத்தவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

2022 ஜனவரியில் அதே எயார் இந்தியா டாட்டாவிடம் போனது. டாட்டாவின் கையில் வேறு விமானக் கம்பனிகளும் இருந்தன. எயார் ஏசியா இந்தியாவாக இருந்தது எயார் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்க்கப்பட்டது. விஸ்தாரா 2024 நவம்பரில் எயார் இந்தியாவுக்குள் போனது. இந்தச் சேர்க்கைகள் நடந்துகொண்டிருந்த 2024 மே மாதத்தில், எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் சுகவீன விடுமுறை போட்டார்கள். கேரளத்து விமான நிலையங்களில் வளைகுடாவுக்குப் போக நின்ற மக்கள் தவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூத்த பணியாளர்களின் குறை என்ன? சேர்க்கைக்குப் பின் தங்கள் படிகள் குறைந்தன, தங்களைச் சமமாக நடத்தவில்லை என்பது. கம்பனி சுமார் 25 பேரை நிறுத்தியது. ஒன்றிரண்டு நாளில் டெல்லியில் தொழில் ஆணையாளர் அலுவலகத்தில் சங்கமும் கம்பனியும் உட்கார்ந்தன. நிறுத்தப்பட்டவர்களைத் திரும்ப எடுப்பதாக முடிவானது. சுகவீன விடுமுறையால் பயணிகளைத் தவிக்கவிட்டது எனக்கு உவப்பான போராட்ட முறை அல்ல. ஆனால் அதற்கு முன்பு அவர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்திருந்தால் அந்த நிலைமை வந்திருக்காது.

நம் நாட்டில்? எயார் லங்கா 1979இல் பறக்கத் தொடங்கியது. 1998இல் எமிரேட்ஸ் நாற்பது சதவீதப் பங்கை எடுத்து நிர்வாகத்தையும் எடுத்தது. பெயர் ஸ்ரீலங்கன் ஆனது. பத்து வருடம் கழித்து 2008இல் எமிரேட்ஸின் நிர்வாக ஒப்பந்தம் முடிந்து அரசாங்கம் திரும்ப எடுத்தது. 2007இல் தொடங்கிய மிஹின் லங்கா 2016இல் மூடப்பட்டு அதன் பயணங்கள் ஸ்ரீலங்கனுக்குள் போயின. இந்த இரண்டு நிகழ்வும் ஒன்றல்ல. எமிரேட்ஸ் வந்தபோது கம்பனி அதே கம்பனி, பங்குகாரன் மட்டும் புதியவன். பணிப்பெண்ணின் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தரப்பு மாறவில்லை. மிஹின் மூடப்பட்டபோது அந்தத் தரப்பே இல்லாமற் போனது.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் தோட்டத்திலும் இதுதான் நடக்கிறது, யாரும் இதை நமக்கு விளக்குவதில்லை.

1972இல் தனியாரின் தோட்டங்களையும் 1975இல் கம்பனித் தோட்டங்களையும் காணிச் சீர்திருத்தம் எடுத்தது. அப்போது முதலாளியே மாறினான். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் நிலம் துண்டுபட்ட தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் துரத்தப்பட்டன. பஞ்சத்தில் செத்தவர் செத்து, மிஞ்சியவர்களில் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். எழுபதுகளின் அந்தப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். 1992இல் அரசாங்கத் தோட்டங்கள் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. முதலில் முகாமைக்கு, பிறகு நீண்டகாலக் குத்தகைக்கு. அப்போதும் முதலாளி மாறினான். அதற்குப் பிறகு நடந்தவை பெரும்பாலும் பங்கு விற்பனை. பலாங்கொடை, கஹவத்தை, கேகாலை, ஹப்புகஸ்தென்ன என்று நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய கம்பனிகள். பெயர் நம் ஊர், ஆனால் அதை ஆளும் பங்கு கொழும்புப் பங்குச் சந்தையில் ஒரு காலைப்பொழுதில் கை மாறிவிடும். பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு அது தெரியவே தெரியாது.

பங்கு கை மாறினால் சட்டப்படி உங்கள் முதலாளி மாறவில்லை. கம்பனி அதே கம்பனி. உங்கள் சேவைக்காலம் தொடர்கிறது, ஒப்பந்தம் தொடர்கிறது, சங்கத்துக்குப் போகும் சந்தா தொடர்கிறது. ஆனால் தோட்டத்தின் ஒரு பிரிவை இன்னொருவருக்குத் துணைக்குத்தகைக்கு விட்டால்? ஒரு மலையை வெளியாருக்குக் கொடுத்து, நாளை முதல் அங்கே போய் வேலை செய் என்றால்? அங்கே உங்கள் முதலாளி மாறுகிறான். பிரித்தானியாவில் இப்படித் தொழில் கை மாறும்போது வேலையாட்களும் அவர்களுடைய சேவைக்காலத்தோடு தானாகவே புதிய முதலாளிக்குப் போகவேண்டும் என்று 1981 முதல் சட்டவிதி இருக்கிறது. இந்தியாவில் 1947ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில் 25எஃப்எஃப் என்ற பிரிவு நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தது: சேவை முறியாமல், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் எடு, அல்லது ஆள் குறைப்புக்குரிய நட்டஈடு கொடு. நம் நாட்டில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்ற பொது விதி உண்டு. அந்தச் சம்மதத்தை எப்படி வாங்குகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு கடதாசியை நீட்டி, இதில் கைநாட்டு வை, நாளைக்கும் வேலை உண்டு என்பார்கள்.

அந்தக் கைநாட்டின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம். எந்தச் சம்பளம்? கடைசியாக வாங்கிய சம்பளம். ஒரு அம்மா 30 வருடம் கொழுந்து பறித்து, நாளுக்கு 1350 ரூபா வாங்கும் காலத்தில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 தடவை 14 நாள், 420 நாள், 5,67,000 ரூபா. இதே அம்மாவின் சேவையை 20ஆவது வருடத்தில், அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவாக இருந்தபோது, முதலாளி மாறிவிட்டான் என்று முறித்து அன்றைக்கே கணக்குத் தீர்த்திருந்தால்? அப்போது 1,40,000. பிறகு வந்த 10 வருடத்துக்கு 1,89,000. மொத்தம் 3,29,000. அதே மலை, அதே கூடை, அதே 30 வருடம். 2,38,000 ரூபாவை ஒரு கைநாட்டு தின்றுவிட்டது. முறித்த கணக்கையும் கட்டாமல் இழுத்தடிப்பது வேறு கதை. அரசாங்கத்தின் கையில் மிஞ்சிய ஜனவசம, கூட்டுத்தாபனம், எல்கடுவத் தோட்டங்களில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் நிலுவையில் கிடந்தது நாடறிந்தது.

சம்பளத்துக்கு வருவோம். நம் மக்கள் சம்பளத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள், போராடினார்கள், பேசவும் வேண்டும். தனியார்மயத்துக்குப் பிறகு, கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனமும், தொழிலாளர் சார்பில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகிய மூன்று தரப்பும் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வந்தன. 2013இல் நாட்சம்பளம் மொத்தம் 620 ரூபா. 2016இல் 730, அதில் அடிப்படை 500, மிச்சம் வரவுக்கு, கூடுதல் உற்பத்திக்கு, விலைப் பங்குக்கு என்று துண்டு துண்டாக. 2019இல் அடிப்படை 700, மேலே 50. ஆயிரம் கேட்ட மக்கள் அந்த ஒப்பந்தத்தைத் திட்டித் தீர்த்தார்கள். நானும் அதை மெச்சவில்லை. பின்கதவால் பேசி, ஆண்டுக்கணக்கில் தாமதித்து, கையெழுத்தான பிறகே தொழிலாளிக்குச் சொன்ன ஒப்பந்தங்கள் அவை.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானியில் ஆயிரம் வந்தது: 900 அடிப்படை, 100 வரவு செலவு நிவாரணப் படி. வெடி கொளுத்தினோம். அதே மூச்சில் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளத்தை அரசாங்கம் தீர்மானித்தால் நாம் எதற்குச் சங்கத்தோடு பேசவேண்டும் என்றார்கள். அங்கேதான் நாம் இழந்தது என்னவென்று பலருக்கு இன்னும் புரியவில்லை.

சம்பள நிர்ணய சபை ஒரு தொகையைச் சொல்லும். ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ பறிக்கவேண்டும் என்று சொல்லாது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கவேண்டும் என்பதைத் தோட்டத்தில் வந்து எண்ணாது. மழைக்குப் பால் வெட்டு நின்றால் கேகாலையில் என்ன செய்வது, கிலோ குறைந்தால் அரைப் பேரா, கைக்காசுக்கு என்ன விலை, சங்கத் தலைவர் கேட்டால் தோட்டத் துரை பேசவேண்டுமா, எல்லாம் ஒப்பந்தத்தின் வேலை. ஒப்பந்தம் போன பிறகு கிலோவை ஏற்றிய தோட்டங்கள், நாளைக் குறைத்த தோட்டங்கள் எத்தனை என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களே சொல்வீர்கள். நாட்கூலி ஏறியது, மாதம் கைக்கு வருவது அந்த அளவுக்கு ஏறவில்லை. 2024 மே தினத்தில் 1700 அறிவிக்கப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டெம்பரில் 1350 என்று நின்றது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் கம்பனி 200 ரூபா ஏற்றவும், அரசாங்கமே நாளொன்றுக்கு 200 ரூபா வரவுக் கொடுப்பனவாகத் தரவும் முன்மொழியப்பட்டது. உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் கேட்கக் கம்பனியிடம் போவதா, அமைச்சரிடம் போவதா என்று தெரியாத நிலைக்குச் சங்கங்கள் வந்துவிட்டன.

விமானப் பணியாளருக்கும் இந்தக் கிலோச் சண்டை உண்டு என்றால் நம்புவீர்களா? வட அமெரிக்காவில் பல கம்பனிகளில் விமானம் வாசலை மூடி நகரத் தொடங்கிய பிறகே முழு மணிநேரச் சம்பளம் ஓடத் தொடங்கும். பயணிகளை ஏற்றுவது, பெட்டி தூக்க உதவுவது, தாமதத்தில் நிற்பது பெரும்பாலும் கணக்கில் வராது. மலைக்கு நடந்து போகும் நேரமும் நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரமும் நமக்கு எங்கே கணக்கில் வருகிறது? 2025 ஓகஸ்டில் எயார் கனடாவின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பணியாளர்கள் இதையே முன்வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்கம் திரும்பிப் போ என்று கட்டளையிட்டது; அவர்கள் போகவில்லை; சில நாளில் உடன்பாடு வந்தது. நிலத்தில் செய்யும் வேலைக்கும் சம்பளம் என்பது ஒப்பந்தத்துக்குள் வந்தது.

இணைப்புக்குப் பிறகு புதிய ஒப்பந்தம் வர எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு யுனைட்டட் கம்பனி நல்ல உதாரணம். 2010இல் கொண்டினென்டலோடு இணைந்தது. பணியாளர் எல்லோருக்கும் பொதுவான ஒப்பந்தம் 2016இல்தான் நிறைவேறியது. ஆறு வருடம் ஒரே கம்பனியின் பணிப்பெண்கள் பழைய கம்பனி வாரியாகப் பிரிந்து, வெவ்வேறு விமானத்தில் பறந்தார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் யூஎஸ் ஏர்வேஸோடு சேர்ந்த பிறகு, 2014 நவம்பரில் பொது ஒப்பந்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. 16 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. நடுத்தீர்ப்புக்குப் போனபோது, தாங்கள் நிராகரித்ததைவிடக் குறைந்த தொகைக்கே அங்கே இடமிருந்தது என்று கண்டார்கள். ஆனாலும் ஒன்றைப் பாருங்கள்: அங்கே உறுப்பினர் ஒவ்வொருவரும் வாக்களித்தார்கள். நம் கூட்டு ஒப்பந்தங்களில் எதற்காவது எந்த லயத்திலாவது வாக்குப்பெட்டி வைத்தார்களா?

டெல்டாவின் கதை இன்னும் நமக்கு நெருக்கம். 2008இல் டெல்டா, நோர்த்வெஸ்ட்டை வாங்கியது. நோர்த்வெஸ்ட் பணிப்பெண்களுக்குப் பழைய, வலுவான சங்கம். டெல்டாவில் பணிப்பெண்களுக்குச் சங்கமே இல்லை. அமெரிக்கச் சட்டப்படி இரண்டும் ஒரே கம்பனி ஆனபின் எல்லோரும் சேர்ந்து ஒரே வாக்கெடுப்பு. 2010இல் சில நூறு வாக்கில் சங்கம் தோற்றது. அன்றோடு நோர்த்வெஸ்ட் பணிப்பெண்கள் தலைமுறைகளாக வைத்திருந்த சங்கத்தையும் இழந்தார்கள், ஒப்பந்தத்தையும் இழந்தார்கள். யாரும் அவர்களை வேலையிலிருந்து நீக்கவில்லை. எண்ணிக்கையில் கரைந்து போனார்கள்.

சப்ரகமுவத் தொழிலாளியின் ஆபத்தும் கரைவதுதான். நுவரெலியாவைப் போல மலை மலையாகத் தொடர்ந்த பெரிய தோட்டங்கள் அல்ல நம்முடையவை. கிராமங்களுக்கு நடுவே சிதறிய சிறு பிரிவுகள். தமிழரும் சிங்களவரும் ஒரே பிரட்டில். 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த திருத்தம், பேரம் பேச வரும் தொழிலாளரில் நாற்பது சதவீதம் பேரையாவது உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது முதலாளியின் குற்றம் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் நூறு பேர் உள்ள பிரிவில் நான்கு கட்சிக்கு நான்கு சங்கம் இருந்தால் எந்தச் சங்கத்துக்கு நாற்பது வரும்? தலைவர்மார் மேடையில் இதைச் சொல்லமாட்டார்கள், சந்தா குறைந்துவிடும். சிங்களத் தொழிலாளியை உறுப்பினராக்கத் தயங்குகிற சங்கமும், தமிழ்த் தொழிலாளியின் மொழியில் துண்டறிக்கை போடாத சங்கமும் அந்த நாற்பதை ஒருநாளும் எட்டமாட்டா. 1981 இனக் கலவரத்தில் இந்த மாவட்டத்தில் லயங்கள் எரிந்ததை வைத்துக்கொண்டு இதைப் பேசுவது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தும் பேசுகிறேன்.

இதற்கிடையில் முதலாளியே இல்லாத ஒரு முறை வந்துகொண்டிருக்கிறது. குடும்பத்துக்கு இத்தனை தேயிலை மரம் என்று பிரித்துக் கொடுத்து, நீயே பராமரி, கொழுந்தைக் கிலோவுக்கு இத்தனை ரூபாவுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்பது. கையில் காசு கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், நேரம் நம் கையில் இருக்கும். இளம் குடும்பங்கள் விரும்புவதில் வியப்பில்லை. நானும் இதை எடுத்த எடுப்பில் எதிர்க்கவில்லை. நிலத்தின் மேல் எழுத்தில் உரிமை வந்தால் இது நல்ல முறையாகக்கூட மாறலாம். ஆனால் இன்றிருக்கும் வடிவத்தில் செக்ரோல் எனும் தோட்டத்துப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் முதலாளியின் 12 சதவீதச் சேமலாப நிதி இல்லை, 3 சதவீத நம்பிக்கை நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, பிள்ளைப்பேற்றுச் சம்பளம் இல்லை. சங்கம் போய்ப் பேசுவதற்கு எதிரே ஒரு நாற்காலியும் இல்லை.

இனி வரப்போகும் கைமாற்றத்துக்கு வருவோம். பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகை 53 வருடத்துக்கானது. 1992இல் தொடங்கியது, 2045இல் முடிகிறது. இங்கே முன் வரிசையில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கும். அதாவது அடுத்த கைமாற்றத்துக்குத் திகதி இப்போதே குறித்தாயிற்று. இதற்கு முன் எந்தக் கைமாற்றமும் நமக்கு முன்கூட்டித் தெரிந்ததில்லை. 1972 தெரியாது, 1975 தெரியாது, 1992 தெரியாது. இது தெரியும். அதற்கிடையில் குத்தகையை நீட்டவோ, பிரிக்கவோ, புதியவருக்குக் கொடுக்கவோ பேச்சு நடக்கும்போது, சேவைக்காலம் முறியாது, பணிக்கொடைப் பொறுப்பைப் புதியவர் ஏற்கவேண்டும், இருக்கும் சங்கத்தோடு பேசவேண்டும் என்ற மூன்று வரியை அந்தக் குத்தகைப் பத்திரத்துக்குள்ளேயே எழுதச் சொல்லிக் கேட்கலாம். அதுவரை, சம்பளத் துண்டை எறியாதீர்கள். சேமலாப நிதி அட்டையையும், வேலைக்குச் சேர்ந்த திகதி உள்ள ஏதாவது ஒரு தாளையும் பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். அம்மாவுக்கு எழுத்து வராதென்றால் அவருடைய துண்டுகளையும் நீங்களே அடுக்கி வையுங்கள். கைநாட்டு வைக்கச் சொல்லி ஏதும் நீட்டினால், ஒரு பிரதி கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறேன். பின்வரிசையில் இருக்கும் அக்காமார் முதலில் கேட்கட்டும்.